முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்காகப் பேசுகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து முதியோர் இல்லங்களுக்குப் போய்வந்து, அங்கே இருக்கும் பெரியவர்களின் குறைகளை எடுத்துப் பேசும் தன்னார்வலர்களைப் பற்றியும், அவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்பது பற்றியும் வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் அவர் தோழியும் வாரம் தவறாமல் இரண்டு முதியோர் இல்லங்களுக்குப் போகிறார்கள். மாத்திரை தரவில்லை, சாப்பாடு சரியில்லை என்று யாராவது சொன்னால் நிர்வாகத்திடம் பேசுவது இவர்கள்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை அன்னதானம் செய்துவந்தோம். அந்தப் பணத்தை இவர்களுக்குக் கொடுக்கலாமா?
*— வாசகி, நெல்லிக்குப்பம்*

தாராளமாக. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சாப்பாடு போட ஆள் கிடைத்துவிடும். ஜெராக்ஸ் எடுக்கக் காசு கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. இந்த வேலையில் செலவு எல்லாம் சில்லறைச் செலவு: பஸ், ஆட்டோ, ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட், போன் ரீசார்ஜ், எப்போதாவது ஒரு டாக்டரைக் கூட்டிப்போய்க் காட்டும் செலவு. ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி மாதக் கடைசியில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நாளைக்கு ஏதாவது ஒரு இல்லம் "இவங்க காசு வாங்கிட்டுப் பேசறாங்க" என்று கிளப்பிவிட்டால் அந்த நோட்டுதான் பதில். இல்லத்துக்காரர்கள் கொடுக்கும் காபியைக் குடிக்கலாம், ஆட்டோ காசை வாங்கக் கூடாது.

பணத்தைவிட அவர்களுக்குப் பெரிய தேவை ஆள். ஒருவர் மட்டும் தனியாகப் போனால் பார்த்ததற்குச் சாட்சி கிடையாது. டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் போவது நின்றுவிடும். வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். உங்கள் ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் மாற்றாள் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். போனில் கேட்டால் சொல்ல ஒரு டாக்டர், பாஸ்புக் பார்க்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மனு எழுதத் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேரை ஏற்பாடு செய்துகொடுத்தால் டீச்சரின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

போகிற நேரமும் முக்கியம். ஞாயிறு காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் துடைத்து வைத்தாற்போல இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம், இரவு 7 மணி, பண்டிகைக்கு மறுநாள் என்று பார்த்து, முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். நின்றுகொண்டு குசலம் விசாரிக்காமல், ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் உயரத்துக்கு உட்காருங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பாடு? பாத்ரூம் போகணும்னு கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வராங்க?" என்று கேட்டால் விஷயம் வரும்.

பிளெக்ஸ் பேனரும் குரூப் போட்டோவும் வேண்டாம். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமல் பண்ருட்டிப் பலாச்சுளையும் கொண்டுபோகாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கே முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் புகாரைக் கேட்டு அவர்களுக்காகப் பேசுவதற்கென்றே 'ஆம்பட்ஸ்மன்' என்று ஒருவர் உண்டு என்கிறாள். நம் ஊரில் அப்படி இருக்கிறதா?
*— வாசகர், லாஸ்பேட்டை*

அங்கே 1972-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. முதியோருக்கான கூட்டாட்சிச் சட்டத்தில் 1978-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் கட்டாயம் நடத்த வேண்டியதாயிற்று. பயிற்சி முடித்துச் சான்று பெற்ற தன்னார்வலர்கள் இல்லத்துக்குள் போகலாம், அங்கே வசிப்பவரோடு தனியாகப் பேசலாம். அந்த உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. சேவைக்குக் கட்டணம் கிடையாது. புகாரை மேலே கொண்டுபோவதா வேண்டாமா என்பது வசிப்பவரின் விருப்பம்.

நம் 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. இங்கே அதற்குக் கிட்டத்தில் வருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள். மாவட்ட ஆணைக்குழு ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுக்கிறது. இல்லங்களுக்குப் போய்வருபவர்களில் ஒருவராவது அதில் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். கழுத்தில் அட்டை தொங்கினால் வாட்ச்மேன் பேசும் தோரணையே மாறிவிடும்.

"உறவுக்காரங்க மட்டும்தான் பார்க்கலாம்" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
*— வாசகர், முதுநகர்*

தனியார் இல்லத்துக்குள் நுழைய உங்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது, அதனால் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பெரியவர் கைதி இல்லை. "இவர் என்னைப் பார்க்க வரலாம்" என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுத்தால் போதும். அதன் நகலை நிர்வாகத்திடம் கொடுத்து, அசலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் போய்க் கடிதம் கேளுங்கள். வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவரைப் பூட்டி வைத்திருந்தால் அது நிர்வாக விதி என்ற கணக்கில் வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ம் பிரிவின்படி சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம். 112-க்குப் போன் செய்யலாம்.

கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறோம் என்றால், 2023 பிப்ரவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காப்பகத்தின் விவகாரம் வெளியே வந்ததே, உள்ளே விட்ட பெரியவரைக் காணோம் என்று உறவினர் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான். தேடி வர ஆளில்லாதவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எங்களில் யாரும் நர்ஸ் இல்லை.
*— மகளிர் குழுவினர், சிதம்பரம்*

நர்ஸ் படிப்பு வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். படுக்கைப்புண் வருவது எலும்பு துருத்தும் இடங்களில்: வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை. புத்தகங்களில் 'சிவந்திருக்கும்' என்று போட்டிருப்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, கல் போல இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. "புரட்டறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். மாலை 4 மணிக்கு வலது பக்கம் படுத்திருந்தவர் 6.30-க்கும் அதே பக்கம் இருக்கிறாரா என்று பாருங்கள்.

நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் தவறுகளும் உண்டு. கறுத்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டால் அடியில் நைந்த சதை இன்னும் நையும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குதிகாலைக் காப்பாற்ற, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைப்பதுதான் சரி. ஏர் பெட் வாங்கித் தானம் கொடுத்திருந்தால் அதன் மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சுவிட்சைப் போடாமல் விட்டிருந்தால் மெத்தை அமுங்கி, பெரியவர் கட்டில் பலகையில் படுத்திருப்பார்.

அடுத்தது எடை. 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோவோ ஆறு மாதத்தில் 5 கிலோவோ குறைந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். எடை மெஷின் இல்லையென்றால் வளையலைப் பாருங்கள், மணிக்கட்டில் நின்றது முழங்கை வரை ஏறுகிறதா என்று. பாதி நேரம் காரணம் நோய் இல்லை, பல்செட் காணாமல் போயிருக்கும். சாப்பிடும்போது கழற்றித் துணியில் சுற்றி வைப்பார்கள், அது அழுக்குத் துணியோடு போய்விடும். யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கன்றிப்போன தோலைப் பார்த்ததும் பதறாதீர்கள். வயதான தோல் லேசாக இடித்தாலே கன்றும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகக் கன்றும். புறங்கை, முன்கையில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். மேல்கையின் உட்பக்கம், தொடையின் உட்பக்கம், காது, கழுத்து என்றால் சந்தேகப்பட வேண்டும். மேல்கையில் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல் என்று தடம் இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வளையம் போலத் தடம் என்றால் கட்டிவைத்த தடம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் எழுந்து ஓட முடியாமலே கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

கடைசியாக மாத்திரை. காலை 11 மணிக்கும் தூங்கி வழிகிறார், எச்சில் ஒழுகுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் என்ன மாத்திரை, எந்த டாக்டர், என்ன தேதியில் எழுதியது என்று கேளுங்கள். 'ராத்திரி தொந்தரவு செய்கிறார்' என்று எப்போதோ எழுதி வாங்கிய சீட்டை ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தாத்தா தன்னை அடிப்பதாகச் சொன்னார். ஆனால் "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, நான் இங்கதான் இருந்தாகணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்வதா, விடுவதா?
*— வாசகி, முத்தியால்பேட்டை*

அவருக்குத் தெளிவு இருக்கும்வரை முடிவு அவருடையது. இதை மீறினால் அடுத்த வாரம் நீங்கள் போவதற்குள் அவருக்கு அடி விழுந்திருக்கும், அந்த ஹாலில் வேறு யாரும் உங்களிடம் பேசவும் மாட்டார்கள். ஆனால் "சரி தாத்தா" என்று எழுந்து வந்துவிடுவதும் தப்பு. "எதுக்குப் பயப்படறீங்க? வேற இடம் ஏற்பாடு செஞ்சா வருவீங்களா? உங்க பேரை எழுதாம பொதுவா இந்த இல்லத்தை ஆய்வு செய்யச் சொன்னா சம்மதமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கடைசிக் கேள்விக்குச் சம்மதிப்பார்கள். அப்படியே அவர் சொன்ன வார்த்தைகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். சம்மதம் பிறகு வந்தால் உதவும்.

உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை, புரிந்து பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் என்றால் காத்திருக்க வேண்டாம். 108, 112, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

புகாரை யாரிடம், எப்படிக் கொடுப்பது? ஆர்.டி.ஓ.விடம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை.
*— வாசகர், விருத்தாசலம்*

வண்டி லைசென்ஸ் ஆர்.டி.ஓ.விடம் கொடுக்காதவரை நல்லது. கோட்டாட்சியர், அதாவது வருவாய்த் துறை ஆர்.டி.ஓ., தலைமையில் இருக்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெறுவதற்கும், பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை மேலே சொன்ன 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-ம் பிரிவில் ரத்து செய்வதற்கும் உள்ளது. அங்கே வக்கீல் வைக்காமலே மனு போடலாம், பெரியவரால் வர முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறு ஒருவரோ அமைப்போ போடலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் உத்தரவு வர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். ஆனால் இல்லத்தை எப்படி நடத்துகிறார்கள் என்ற புகாருக்கு அது இடம் இல்லை. அதனால்தான் உங்கள் மனு கிடப்பில் கிடக்கிறது.

இல்லத்தின் மீதான புகார் மாவட்ட சமூக நல அலுவலருக்கு, நகல் ஆட்சியருக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மனநோயாளிகளை வைத்திருக்கும் இல்லம் மாநில மனநல ஆணையத்திலும், மாற்றுத்திறனாளிகள் இல்லம் அவர்களுக்கான துறையிலும் பதிவு பெற வேண்டும். எந்தப் பதிவில் நடக்கிறது என்று தெரியாமல் புகார் போனால் ஒரு துறை இன்னொரு துறைக்குத் தள்ளிவிடும். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: பதிவுச் சான்றின் நகல், கடைசியாக ஆய்வு நடந்த தேதி, அந்த ஆய்வறிக்கையின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடலூர்–புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. பின்கோடைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாகூர் புதுச்சேரிதான், ஆனால் பின்கோடு கடலூரைப் போல 607-ல் தொடங்கும். இல்லத்தின் கரண்ட் பில் எந்த அரசுடையது என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். புதுச்சேரி என்றால் அங்கே உள்ள சமூக நலத் துறைக்குப் போக வேண்டும். எந்தப் பக்கமானாலும் 14567 முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது.

மனுவில் "முதியோரைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதினால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு "அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவார். இப்படி எழுதுங்கள்: "14-ம் தேதி மாலை 6.40. கீழ்த்தளம், ஜன்னலோரக் கட்டில். அவருடைய இடது மணிக்கட்டு நைலான் கயிற்றால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. கேட்டதற்குப் பணியாளர், 'ராத்திரி எழுந்து போயிடறாரு' என்றார். உடன் பார்த்தவர் இன்னார்." கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், 'நடவடிக்கை எடுக்கவும்' என்று பொத்தாம்பொதுவாக முடிக்காமல். "இரவில் இரண்டாவது பணியாளர் வேண்டும், கட்டிவைப்பதை நிறுத்த எழுத்து உத்தரவு வேண்டும்" என்று கேட்டால்தான் செய்தார்களா இல்லையா என்று அடுத்த மாதம் போய்ப் பார்க்க முடியும்.

நான் ஒரு இல்லத்தில் ஆயாவாக இருக்கிறேன். ராத்திரியில் 22 பேருக்கு நான் ஒருத்தி. வெளியிலிருந்து வருகிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.
*— வாசகி, வில்லியனூர்*

உங்கள் பக்கம்தான் நியாயம். 22 பேரில் 8 பேர் படுக்கையில் என்று வையுங்கள். ஒருவரைப் புரட்டி, துடைத்து, டயப்பர் மாற்ற 15 நிமிஷம் என்றாலே ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்குள் முதல் ஆளின் முறை மறுபடி வந்துவிடும், மீதி 14 பேர் கூப்பிட்டால் போக ஆளில்லை. தன்னார்வலர்கள் இந்தக் கணக்கைத்தான் மனுவில் எழுத வேண்டும், ஆயாவின் பெயரை அல்ல. நீங்கள் ஒரு சின்ன நோட்டில் இரவு எத்தனை பேர் பணியில் இருந்தீர்கள், எத்தனை பேர் படுக்கையில் என்று தேதியோடு குறித்து வையுங்கள். யாராவது விழுந்துவிட்டால் பழி உங்கள் தலையில் விழாமல் இருக்க அது உதவும். தன்னால் இயலாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கைவிடுவது நியாய சன்ஹிதா 357-ம் பிரிவில் குற்றம். மாதக் கட்டணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் நிர்வாகி என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு பாட்டியின் ஏ.டி.எம். கார்டு நிர்வாகியிடம் இருக்கிறது. தப்பா?
*— வாசகர், பண்ருட்டி*

பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டியே கொடுத்திருக்கலாம். பின் நம்பரும் நிர்வாகியிடம் இருந்தால் சரியில்லை. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்து பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் ஏறுகிற தேதியும் அது எடுக்கப்பட்ட தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். "இதை நீங்க எடுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டால் போதும். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியிருந்தால் அன்றைக்கே வங்கி மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

புயல் வந்தால் இந்த இல்லங்களில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?
*— இளைஞர் குழு, கடலூர்*

2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல் என்று இரண்டும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. ஆகவே வேலை அக்டோபர் முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

இல்லத்தோடு பேசி ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் போடுங்கள்: ஆதார் நகல், மாத்திரைச் சீட்டின் நகல், ஏழு நாள் மாத்திரை, உறவினர் போன் எண். நினைவு தப்பியவர்களுக்குப் பெயரும் இல்லத்தின் எண்ணும் எழுதிய கைப்பட்டை. முகாமில் கலந்துவிட்டால் தன் பெயரையே சொல்ல மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒருவருக்கு நாலு ஆள் என்று கணக்குப் போடுங்கள், மாடிக்கு ஏற்றுவதற்குக் கட்டில் உதவாது, பெட்ஷீட்டில் வைத்துத்தான் தூக்க வேண்டியிருக்கும். ஆக்சிஜன் மெஷினில் இருப்பவரையும் இன்சுலின் போடுகிறவரையும் புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரிப் பக்கம் மாற்றிவிடுங்கள், கரண்ட் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கட்டுப்பாட்டு அறை எண் 1077. இல்லத்தின் முகவரியையும் படுக்கையில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கி வையுங்கள். படகு வரும்போது எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.